காலாவதியான காப்புரிமைக்கு மதிப்பு உண்டா?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டிப் பல்லடத்தில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் ஏறினால் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அழைப்பிதழில் என் பெயருக்கு எதிரே இருந்த தலைப்பைக் கண்டு, "பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் காப்புரிமைக்கும் என்ன தொடர்பு?" என்று நண்பர் சிலர் என்னிடமே கேட்டனர். கேள்வி நியாயமானது. நான் சட்டம் பயின்றவன் அல்லன். பொறியியல் கற்றவனும் அல்லன். வரலாற்றில் இளங்கலைப் பட்டமும், ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்று, கரும்பலகையின் முன் காலம் கழித்தவன். இத்தலைப்பை நான் தேடிச் செல்லவில்லை. அது என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது.

2023-ஆம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் பழைய மாணவர் மூவர் கையில் ஒரு கோப்புடன் வந்தனர். ஒருவர் விசைத்தறிக் கூடத்தில் பிட்டர். மற்றொருவர் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். மூன்றாமவர் வணிகவியல் பட்டம் பெற்ற பெண். மூவரும் நம் தெருப் பிள்ளைகளே. கோழிப் பண்ணைக் கொட்டகையின் கூரையடியில் ஒரு கம்பியில் ஓடி, வரிசையாகத் தொங்கும் ஒவ்வொரு தீவனத் தொட்டியிலும் அளவாகத் தீவனம் கொட்டும் ஒரு தள்ளுவண்டியின் வரைபடம் அக்கோப்பில் இருந்தது. "ஐயா, இந்த மெஷினுக்குப் பேடண்ட் இருக்கிறது. இரண்டு இலட்சம் கொடுத்தால் அந்த உரிமையை எங்கள் பேருக்கு மாற்றித் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கப் போகிறோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்றார் பிட்டர்.

என்னால் ஒரு வார்த்தையும் சொல்ல இயலவில்லை. ஏனெனில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதை ஒப்புக்கொண்டு, ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்திலும், அதற்குப் பின் வந்த மாதங்களிலும் நாங்கள் நால்வரும் சேர்ந்து கற்றுக்கொண்டதையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், காப்புரிமை என்பது யாது? புதியதொன்றைக் கண்டுபிடித்தவருக்கும் அரசுக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை அது. கண்டுபிடித்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காமல், அத்தொழில் அறிந்த மற்றொருவர் படித்துச் செய்யக்கூடிய அளவிற்கு, வரைபடத்துடன் முழுமையாக எழுதித் தரவேண்டும். அதற்கு ஈடாக, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் கூடாது என்று அரசு ஒரு வேலி கட்டித் தருகிறது. இன்றைய இந்தியச் சட்டப்படி அவ்வேலியின் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். இடையில் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்தி வரவேண்டும். தனிநபர் ஒருவர் மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஆண்டுக்கு 800 ரூபாய் செலுத்த வேண்டும்; ஆண்டு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். செலுத்தத் தவறினால் வேலி முன்னதாகவே விழுந்துவிடும்.

20 ஆண்டுகள் முடிந்தபின் நிலை என்ன? நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு இதற்குத் தெளிவாக விடை கூறுகிறது. காலம் முடிந்தாலும் சரி, கட்டணம் செலுத்தாமல் அற்றுப்போனாலும் சரி, அக்கண்டுபிடிப்புக்கு அதன் பிறகு எவ்விதப் பாதுகாப்பும் இல்லை. எவரும் செய்யலாம், எவரும் விற்கலாம், எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை.

அந்தத் தங்கை, காப்புரிமை அலுவலகத்தின் இணையப் பதிவேட்டில் கோப்பிலிருந்த எண்ணை இட்டுத் தேடினார். கட்டணமின்றி எவரும் காணக்கூடிய பதிவேடு அது. விண்ணப்பித்த ஆண்டு 2001. 2021-இலேயே காலம் முடிந்துவிட்டது. அதாவது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மாட்டுக்குத் தரகர் விலை பேசிக்கொண்டிருந்தார். மாற்றித் தருவதற்கு உரிமை என்று ஒன்று இல்லவே இல்லை. காலாவதியான காப்புரிமையில் பழைய உரிமையாளருக்கு மிஞ்சக்கூடியது ஒன்றே ஒன்றுதான். உரிமை உயிரோடிருந்த நாளில் எவரேனும் அதை மீறியிருந்தால், மூன்றாண்டுக் காலவரம்பிற்குள் அதற்கான இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம். வேறெதுவும் இல்லை. ஆகவே உங்களில் எவரிடமேனும் காலாவதியான காப்புரிமையை விலைக்குத் தருவதாக யாரேனும் வந்தால், வாசலிலேயே நிறுத்துங்கள்.

நகை தப்பியது. மூவரும் கோப்பை மூடி எழுந்தனர். "அப்படியானால் இந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லை, ஐயா" என்றார் வெல்டிங் தம்பி. அந்தச் சொல்தான் என்னை உறங்கவிடாமல் செய்தது. உரிமைக்கு மதிப்பில்லை என்பது உண்மை. அறிவுக்குமா மதிப்பில்லை?

அன்பர்களே, வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் எனக்கு நினைவு வந்தது வேறொரு வேலி. 1924-ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம் ஆகியவை எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அடுத்த நாளே நம் முன்னோர் ஊர்க் கிணற்றில் நீர் இறைத்தார்களா? இல்லை. மராட்டியத்து மகாடு நகரிலும் அவ்வாறே. சவுதார் குளம் சட்டப்படி எல்லோருக்கும் திறந்ததாக நகராட்சி 1924-இலேயே அறிவித்திருந்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிக்கொண்டு சென்று, அக்குளத்து நீரை அள்ளிப் பருகும் வரை அது பொதுக்குளம் ஆகவில்லை. அதன் பின்னும் வழக்கு நடந்து, 1937-இல்தான் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது.

காலாவதியான காப்புரிமையும் அத்தகைய பொதுக்குளமே. காவலாளி போய்விட்டார், எவரும் தடுக்கமாட்டார். ஆயினும் இறங்கத் தெரிந்தவனுக்கே அதில் நீர். கிணற்றுக்குக் கயிறும் குடமும் வேண்டும். இக்குளத்திற்கு வேண்டிய கயிறும் குடமும் எழுத்தறிவும் தொழிலறிவும் ஆகும்.

இது வெறும் உவமை அன்று என்பதற்கு மூன்று சான்றுகள் கூறுகிறேன்.

முதலாவது, நம் பக்கத்துத் திருப்பூரை வாழவைக்கும் தையல் இயந்திரம். எலியாஸ் ஹோவ் என்பார் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் பெற்றார். ஒருவர்மேல் ஒருவர் வழக்காடிக் களைத்தபின், 1856-இல் முக்கிய உற்பத்தியாளர்கள் தங்கள் உரிமைகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கூட்டணி அமைத்தனர். அக்கூட்டணிக்குக் கட்டணம் செலுத்தாமல் வேறெவரும் தையல் இயந்திரம் செய்ய இயலாத நிலை 20 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1877-இல் கடைசி முக்கிய உரிமையும் காலாவதியாயிற்று. இயந்திரத்தின் விலை பெரிதும் இறங்கியது, செய்வோர் பெருகினர். பின்னர் 1930-களில் கல்கத்தாவில் உஷா இயந்திரம் பிறந்தது. இன்று ஒரு விதவைத் தாய் திண்ணையில் அமர்ந்து தைத்துத் தன் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள் என்றால், அவள் காலடியில் சுழலும் சக்கரத்தில் காலாவதியான காப்புரிமைகள் பல அடங்கியுள்ளன.

இரண்டாவது, முப்பரிமாண அச்சு இயந்திரம். பிளாஸ்டிக் இழையை உருக்கி, அடுக்கடுக்காகப் படியவிட்டுப் பொருளை உருவாக்கும் முறைக்கு அமெரிக்காவின் ஸ்காட் கிரம்ப் 1989-இல் விண்ணப்பித்தார். அவ்வுரிமை 2009-இல் முடிந்தது. அதுவரை பெருநிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியதாக இருந்த இயந்திரம், அதன் பின் சில ஆண்டுகளில் சிறு பட்டறைக்காரரும் கல்லூரி மாணவரும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. இதில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் பௌயர் என்னும் ஆசிரியர், 2005-ஆம் ஆண்டே இத்தகைய இயந்திரத்தை எவரும் செய்துகொள்ளும் வண்ணம் திறந்த முறையில் உருவாக்கத் தொடங்கியிருந்தார். வேலி விழும் நாளுக்கு முன்பே படித்துப் பழகி ஆயத்தமாக இருந்தவர்களே முதலில் பயனடைந்தனர்.

மூன்றாவது சான்று நம் நெஞ்சோடு தொடர்புடையது. பஞ்சுத் தூசியிலும் நெருக்கமான குடியிருப்பிலும் வாழும் நம் மக்களுக்குக் காசநோய் புதியதன்று. சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பெடாகுயிலின் என்னும் மருந்து 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்திடம் இருந்த அதன் முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலையில் இந்தியாவில் காலாவதியாக வேண்டியிருந்தது. அம்மருந்தின் உப்பு வடிவத்திற்கு மற்றொரு காப்புரிமை கேட்டு, வேலியை 2027 வரை நீட்டிக்க நிறுவனம் முயன்றது. காசநோயிலிருந்து மீண்டு, சிகிச்சையின் கொடுமையால் செவித்திறனை இழந்த இரு பெண்கள் அதனை எதிர்த்து மனுச் செய்தனர். ஒருவர் மும்பையின் நந்திதா வெங்கடேசன்; மற்றவர் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே. 2023 மார்ச் மாதம் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் பழைய உரிமை முடிந்தது. இந்திய நிறுவனங்களும் அம்மருந்தைச் செய்ய வழி பிறந்தது. உலகக் கொள்முதலில் அதன் விலை சில வாரங்களில் பாதிக்கும் கீழே இறங்கியது. காலாவதியான ஒரு காப்புரிமையின் மதிப்பு என்ன என்று கேட்டால், சில வேளைகளில் அது ஓர் உயிர்.

ஆனால் இளைஞர்களே, காலாவதியான ஒவ்வொரு காகிதமும் புதையல் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிப்பு உரிமைக்கு விண்ணப்பித்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்னும் பொறியாளர். ஆண்டு 1856. அவர் கண்டுபிடித்தது, கூரையில் தொங்கும் துணி விசிறியாகிய பங்காவை இழுக்கும் இயந்திரம். அந்நாளில் துரைமார் உறங்க, நாள் முழுவதும் கயிறு இழுத்தவர்கள் ஏழை எளிய மக்கள். இன்று அவ்வியந்திரத்தை எவரும் இலவசமாகச் செய்யலாம். செய்து என்ன பயன்? மின்விசிறி வந்தபின் பங்காவே இல்லை. வேலி போனதோடு வயலும் போய்விட்டது.

என் பாட்டனாரைப் பற்றியும் ஒரு சொல். அவர் கவலை இறைக்கும் தோற்பறி தைப்பதில் வல்லவர். ஒரு சொட்டு நீர் ஒழுகாத தையல் அவருடையது என்று எங்கள் பகுதியில் பெயர். அந்நுட்பத்திற்கு எவரும் காப்புரிமை தரவில்லை. கூலியாகத் தானியம் தந்தார்கள், அதையும் களத்துக்கு வெளியே நின்று வாங்கச் சொன்னார்கள். பைக்காரா மின்சாரம் 1930-களில் கொங்கு நாட்டுக்கு வந்து, கிணறுகளில் மின்மோட்டார் பரவப் பரவ, தோற்பறிக்குத் தேவை குறைந்தது. பாட்டனாரின் கைத்திறன் அவரோடு மறைந்தது. எழுதி வைக்கப்பட்டிருந்தால், அத்தையல் வேறொரு பொருளுக்குப் பயன்பட்டிருக்கலாம். எழுதுவார் இல்லை, எழுத்து எங்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஆகவேதான் எழுதி வைக்கப்பட்ட அறிவைக் காணும்போது, அது காலாவதியானதாயினும், எனக்கு எறிய மனம் வருவதில்லை.

அப்படியானால் மதிப்பை எவ்வாறு கணிப்பது? நாங்கள் நால்வரும் அந்தத் தீவன வண்டியை வைத்து ஆறு கேள்விகள் எழுதிக்கொண்டோம். உங்களுக்கும் பயன்படும் என்பதால் வரிசையாகக் கூறுகிறேன்.

முதற்கேள்வி: உண்மையிலேயே காலாவதியாகிவிட்டதா? காலம் முழுமையாக முடிந்தது வேறு. கட்டணம் செலுத்தாமல் நின்றது வேறு. பின்னதாயின், நின்ற நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் உரிமையாளர் தக்க காரணம் காட்டி, அதை மீட்டுத் தருமாறு விண்ணப்பிக்கலாம். ஆகவே அவசரப்பட்டு முதல் போடலாகாது. தவறாக வழங்கப்பட்டதென்று நீக்கப்படுவது மூன்றாவது வகை. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட உரிமை, நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்ததால் 1997-இல் நீக்கப்பட்டது. அது நம் பாட்டிமார்களுக்கு முன்பே தெரிந்த அறிவு. புதிதாக எவரும் வேலி போட இயலாது.

இரண்டாம் கேள்வி: உள்ளே வேறு வேலி உண்டா? பழைய இயந்திரத்தின் உரிமை முடிந்திருக்கலாம். பின்னால் சேர்த்த ஒரு சிறு மேம்பாட்டுக்குத் தனி உரிமை உயிரோடிருக்கலாம். இந்தியாவில் முடிந்தது வேறொரு நாட்டில் முடியாதிருக்கலாம். அங்கே ஏற்றுமதி செய்தால் வழக்கு வரும். வணிகப் பெயர் காப்புரிமையோடு மறைவதில்லை. நம் கோவைக் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மாவரைக்கும் இயந்திரத்தை எந்த ஊரிலும் செய்யலாம். ஆனால் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்பது புவிசார் குறியீடு பெற்ற பெயர். வேற்றூரில் செய்து அப்பெயரில் விற்க முடியாது. பொருளைச் செய்யலாம், பிறர் பெயரைப் போடலாகாது.

மூன்றாம் கேள்வி: எழுதியிருப்பதைப் படித்து நம்மால் செய்ய முடியுமா? இது ஆங்கில அறிவும் தொழிலறிவும் கலந்த கேள்வி. விவரக்குறிப்பின் ஆங்கிலம் கரடுமுரடானது. தங்கை வரிவரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, பிட்டர் அதைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து காட்டினார். பட்டம் பெற்றவர் தனியாகப் படித்திருந்தால் அவ்வியந்திரம் விளங்கியிராது. பட்டறைக்காரர் தனியாக இருந்திருந்தால் அவ்வெழுத்து விளங்கியிராது.

நான்காம் கேள்வி: தேவை இன்றும் உண்டா? பங்காவும் தோற்பறியும் இதற்குச் சான்று. எங்கள் மூவர் பல்லடம் வட்டாரத்தில் பண்ணை பண்ணையாகச் சென்று கேட்டனர். பெரிய பண்ணைகளில் தானியங்கிக் குழாய்த் தீவன முறை வந்துவிட்டது. அவர்களுக்கு இவ்வண்டி வேண்டாம். சிறு கொட்டகைகளில் இன்றும் மூட்டையைத் தோளில் சுமந்து, குனிந்து குனிந்து தொட்டி தொட்டியாகக் கொட்டுகிறார்கள். அந்தத் தோள் பெரும்பாலும் யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் கேள்வி: அன்றைக்கு அது ஏன் பரவவில்லை? இக்கேள்வியை எவரும் கேட்பதில்லை. இதில்தான் பொருள் இருக்கிறது. விலை மிகுந்த ஒரு மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்தும் கருவியும் அவ்வடிவில் இருந்தன. சிறு பண்ணைக்குக் கட்டுப்படியாகாது. அவற்றை நீக்கிவிட்டுக் கையால் தள்ளினால் என்ன என்று வெல்டிங் தம்பி கேட்டார். கேட்டவர் மூட்டை சுமந்த வீட்டில் பிறந்தவர். ஆகவே அவருக்கு அக்கேள்வி தோன்றிற்று.

ஆறாம் கேள்வி: கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும்போது நமக்கு மட்டும் என்ன இலாபம்? காலாவதியான காப்புரிமையில் தனியுரிமை இல்லை. நாம் செய்வதை நாளையே அடுத்த பட்டறைக்காரர் செய்யலாம். ஆகவே நம் மதிப்பு, நன்றாகச் செய்வதிலும், பழுதானால் அன்றே சென்று சீர் செய்வதிலும், சொன்ன விலைக்குச் சொன்ன நாளில் கொடுப்பதிலும் உள்ளது. இது இல்லையென்றால் முதல் ஐந்து கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைத்தும் பயனில்லை.

முடிவு என்னவாயிற்று என்று அறிய விரும்புவீர்கள். முதல் வண்டி தோல்வி. மழைக்காலத்து ஈரக்காற்றில் தீவனம் கட்டிபட்டு, கொட்டும் வாயில் அடைத்துக்கொண்டது. வாயை அகலப்படுத்தி, மூடியின் கீலை மாற்றி இரண்டாவது செய்தனர். அது ஓடியது. இதுவரை 11 வண்டிகள் விற்றுள்ளனர். வருமானம் பெரிதன்று, மூவரும் இன்னும் தத்தம் வேலையை விடவில்லை. ஆனால் கடனில்லை, நகை வீட்டில் இருக்கிறது.

ஒரு பிழையையும் மறைக்காமல் கூறவேண்டும். அவர்கள் மாற்றியமைத்த அந்த மூடி பழைய வரைபடத்தில் இல்லாத புதுமை. அதற்குத் தங்கள் பெயரிலேயே காப்புரிமை கேட்கலாமே என்று பின்னால் எனக்குத் தோன்றிற்று. தனிநபர் இணையவழி விண்ணப்பிக்கத் தொடக்கக் கட்டணம் 1,600 ரூபாய்தான். தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைக் கொடுத்து நாளைப் பதிந்துகொண்டால், முழுக் குறிப்பைக் கொடுக்க 12 மாதங்கள் அவகாசமும் உண்டு. விசாரித்தபோதுதான் தெரிந்தது, பொதுவில் விற்றுவிட்ட பொருளைப் புதியது என்று பின்னர் உரிமை கோர முடியாது. விண்ணப்பம் முதலில், விற்பனை பிறகு. அவர்களுக்கு இது தெரியவில்லை. வழிகாட்ட வந்த எனக்கும் தெரியவில்லை. என் பாட்டனாரின் தையலைப் போலவே, அந்த மூடியும் எழுதப்படாமல் ஊருக்குப் பொதுவாகிவிட்டது. அவர் காலத்தில் எங்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டது. இம்முறை எவரும் மறுக்கவில்லை. நாங்கள்தான் கேட்டறியாமல் இருந்துவிட்டோம். அவ்வேறுபாடு என்னை இன்றும் உறுத்துகிறது.

ஆகவே வெள்ளி விழா காணும் நம் சங்கத்திற்கு என் வேண்டுகோள்கள் மூன்று.

ஒன்று, நம் படிப்பகத்தில் வாரம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். ஒரு கணிப்பொறியும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஓர் இளைஞரும், தொழில் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். விசைத்தறி, கோழிப் பண்ணை, பின்னலாடை, தென்னை நார் ஆகிய நம் வட்டாரத் தொழில்களில் காலம் முடிந்த கண்டுபிடிப்புகளைத் தேடிப் படித்து, இந்த ஆறு கேள்விகளையும் கேட்டுக் குறிப்பெழுதி வையுங்கள். பத்தில் ஒன்பது பயனற்றதாகவே இருக்கும். அதற்கு மனம் தளரக்கூடாது.

இரண்டு, பத்திரம் எழுதுமுன், முன்பணம் கொடுக்குமுன், சங்கத்தில் வந்து காட்ட வேண்டும் என்பதை நம் இளைஞர்களிடையே வழக்கமாக்குங்கள். தொழில் தொடங்கப் பணம் வேண்டுமாயின் தரகரிடம் போகவேண்டியதில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியினர் தொழில்முனைவோருக்கெனத் தமிழ்நாடு அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் அறிவிக்கப்பட்டன. இத்தகைய திட்டங்களில் அந்தந்த ஆண்டு எது நடைமுறையில் உள்ளது என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியுங்கள்.

மூன்று, உங்களுள் எவரேனும் வேலையிடத்தில் ஒரு புதிய வழியைக் கண்டால், அதை அன்றே தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, படம் வரைந்து வையுங்கள். ஊர் முழுவதும் காட்டுமுன், விற்குமுன், விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது. அதன் கதவு நமக்கும் உரியதே.

தம்பிமார்களே, தங்கைமார்களே! காலாவதியான காப்புரிமைக்கு மதிப்பு உண்டா என்பது நான் எடுத்துக்கொண்ட கேள்வி. விற்பதற்கு மதிப்பில்லை, கற்பதற்கு மதிப்புண்டு, கற்றதைக் கைத்திறனோடு சேர்த்துத் தேவை உள்ள இடத்தில் வைப்பவனுக்கு மிகுந்த மதிப்புண்டு. இதுவே நான் கண்ட விடை. நம் முன்னோருக்கு மூடப்பட்டிருந்த கிணறுகளைத் திறக்கப் போராடினோர் இருந்தார்கள். இன்று திறந்தே கிடக்கும் கிணறுகள் பல உள்ளன. தாகத்தோடு அவற்றைக் கடந்து போவது அவர்களுக்கு நாம் செய்யும் நன்றி ஆகாது.

அடுத்த கருத்தரங்கில் இம்மேடையில் நின்று பேச வேண்டியவர்கள் அந்த மூவரே. இன்று அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூச்சத்தால் பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே அவர்கள் செய்த வண்டி நிறுத்தப்பட்டிருக்கும். தள்ளிப் பாருங்கள். அதில் குறை கண்டால் தயங்காமல் சொல்லுங்கள்.